கடன் கொப்பியும் கெனிஸாவும்: யூத ஆவணச் சேகரிப்புகள் பற்றி ஒரு வடபுலத்து வாசிப்பு

சென்ற வருடம் கொடிகாமம் சந்தைக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டில் எனது கையில் ஒரு கொப்பி தரப்பட்டது. நீளவாட்டில் கட்டிய கணக்குக் கொப்பி. மட்டையின் ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் 786. அதற்குக் கீழே எனது வாப்பாவின் கையெழுத்து.

வாப்பா அந்தச் சந்தையடியில் சாமான் கடை வைத்திருந்தவர். வீடு சாவகச்சேரியில். 1990 ஒக்டோபர் 15இல் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. கடைத் திறப்பைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வாப்பா வந்தார். பிறகு புத்தளத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்து, அங்கேயே மௌத்தானார். கடை என்ன ஆனது என்று அவர் கேட்டதை நான் கேட்டதில்லை. ஆசிரிய நியமனம் கிடைத்து, சுற்றிச் சுழன்று இந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு நான் வந்தபிறகுதான் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனேன். பக்கத்துக் கடைக்காரர் உயிரோடு இல்லை. அவருடைய மனைவி உள்ளே போய் உரப்பை ஒன்றை எடுத்து வந்தா. பிள்ளைகளின் சாதகங்கள், காணி உறுதிகள், அவற்றோடு இந்தக் கொப்பி. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சிச் சனம் இடம்பெயர்ந்து ஓடியபோது அவர்கள் தூக்கிக்கொண்டு போன பை அது.

“இது நானாவின்ர சாமான், எங்கட இல்லை எண்டு அவர் எந்த நாளும் சொல்லுவார் தம்பி. வந்தால் குடுக்கச் சொன்னவர். இந்தாங்கோ.”

கொப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் வேலையில் உள்ள நண்பர் ஒருவர், “தாங்கோ சேர், ஸ்கேன் பண்ணிப் போடுவம்” என்றார். கொடுப்பதற்கு முன்னால், சேகரிப்பு என்றால் என்ன, யார் யாருடையதைச் சேகரிக்கலாம், சேகரித்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் படித்துப் பார்க்க நினைத்தேன். படிக்கப் போனால் எல்லாப் பாதையும் ஓரிடத்தில் போய் முடிந்தது. சிதறிப்போன ஒரு சமூகம் தன் கடதாசிகளைப் பொறுக்கிச் சேர்த்த வரலாற்றில் யூதர்களைப்போல் பாடுபட்டவர்கள் அரிது. “யஹூதிகளிட்டயா படிக்கப் போறீங்க?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கஸ்ஸாவின் படங்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் அது நியாயமான கேள்வி. பதில் ஒரு சொல்லில் இல்லை.

கெனிஸாவில் இருந்து தொடங்குகிறேன், அது நமக்கு ஆகக் கிட்டியது. இறைவனின் திருநாமம் எழுதப்பட்ட தாளைக் குப்பையில் எறியக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். பாவனைக்கு உதவாத தாள்களைத் தொழுகைக் கூடத்தின் ஓர் அறையில் போட்டுவைப்பார்கள். அந்த அறைதான் கெனிஸா. பழைய கெய்ரோவான புஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் அப்படிச் சேர்ந்தவற்றை 1896-97இல் சொலமன் ஷெக்டர் என்ற அறிஞர், சமூகத் தலைவர்களின் அனுமதியோடு கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். ஏறத்தாழ 1,93,000 துண்டுகள். நம்மிடமும் இதே அதபு உண்டு. கிழிந்த குர்ஆன் ஏடுகளை, அரபு எழுத்துள்ள எந்தக் கடதாசியையும், பள்ளிவாசல் பரணில் சாக்கில் கட்டி வைப்போம். நிரம்பினால் புதைப்போம், அல்லது கடலில் விடுவோம். சன்ஆ பெரிய பள்ளிவாசலின் கூரையடியில் 1972இல் கிடைத்த பழம்பெரும் குர்ஆன் ஏடுகள் அப்படி வைக்கப்பட்டவைதான்.

கெனிஸாவின் பெறுமதி வேதத் தாள்களில் மட்டும் இல்லை. எழுத்துள்ள எல்லாவற்றையும் போட்டார்கள். கடைக் கணக்கு, கலியாண ஒப்பந்தம், கப்பலில் ஏற்றிய சரக்கின் பட்டியல், மகனைத் திட்டி எழுதிய கடிதம். பெரும்பாலும் அரபு மொழி, எழுத்து ஹீப்ரு. தமிழை அரபெழுத்தில் எழுதிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வணிகர்களின் அரபுத் தமிழ் அது.

இந்தக் குப்பையில் இருந்து ஒரு முழு உலகத்தை எழுப்பியவர் எஸ்.டி. கொய்தைன். அரபு வரலாற்றறிஞர் பலாதுரியின் ‘அன்ஸாபுல் அஷ்ராஃப்’ நூலின் ஒரு பகுதியை 1936இல் பதிப்பித்தவரும் இவரே. மத்தியதரைக் கடல் சமூகம் பற்றி அவர் எழுதிய தொகுதிகளில் முஸ்லிமும் யூதரும் கூட்டாக முதல் போட்டு வியாபாரம் செய்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், காதியிடம் போகிறார்கள். இந்தியக் கடல் வணிகர்களின் கடிதங்களைத் தனியாக ஒரு நூலுக்குச் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு ஃபிரீட்மன் அதை முடித்து 2008இல் வெளியிட்டார். அதில் ஆப்ரஹாம் பென் யிஜு என்றொருவர் வருகிறார். துனீசியாவின் மஹ்தியாவில் பிறந்து, ஏடன் வழியாக வந்து, 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் ஏறத்தாழ பதினேழு வருடம் இருந்தவர். மிளகு ஏற்றினார், பித்தளைப் பட்டறை நடத்தினார். ஏடனில் இருந்த கூட்டாளி அவருக்குச் சீனியும் முந்திரி வற்றலும் எழுதுகிற கடதாசியும் அனுப்பினார். அந்தக் கடதாசியைப் பென் யிஜு வீணாக்கவில்லை. வந்த கடிதத்தின் முதுகில் தன் கணக்கை எழுதிவைத்தார். அமிதாவ் கோஷ் 1992இல் எழுதிய ‘இன் ஆன் ஆன்டிக் லேண்ட்’ நூல் இவரையும் இவருடைய பணியாளையும் பின்தொடர்ந்து போவதுதான்.

அந்தக் கணக்குகளைப் பற்றி வாசித்தபோது எனக்கு வாப்பாவின் கொப்பி ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய், மீன்ரின், கயிறு, யாருக்கு எவ்வளவு, எப்போது தருவதாகச் சொன்னார். எண்ணூறு வருடத்துக்குப் பிறகு கேம்பிரிட்ஜில் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற தாளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வயது மட்டும்தான்.

நம்முடைய கரையிலேயே இதற்கு முந்திய சான்று உண்டு. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. மூலம் வட்டெழுத்தில். கொடை கிறிஸ்தவப் பள்ளிக்கு. சாட்சிகள் மேற்கே இருந்து வந்த வணிகர்கள். அவர்கள் அரபு கூஃபி எழுத்திலும் பஹ்லவியிலும் ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் சாசனவியல் படித்தபோது எழுத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசினோம், வரிகளின் பெயரைப் பற்றிப் பேசினோம். ஒரு முஸ்லிமும் ஒரு யூதரும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட விடயத்தைப் பரீட்சைக்கு யாரும் கேட்கவில்லை.

கொச்சி யூதர்கள் 1950களில் பெருமளவில் இஸ்ரேலுக்குப் போனார்கள். துரத்தி அனுப்பப்பட்டவர்கள் அல்லர், தாமாகப் போனவர்கள். போகும்போது பெண்களின் பெட்டிகளில் மலையாளப் பாட்டுக் கொப்பிகள் போயின. கலியாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, ஊர்க் கதைப் பாட்டு. பின்னாளில் ஸ்காரியா சக்கரியா, பார்பரா ஜோன்சன் முதலானோர் அந்தக் கொப்பிகளைத் தேடிப் போய்ப் பிரதி எடுத்துப் பதிப்பித்தார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக் கூடத்தின் மரவேலைப்பாடுகளும் கழற்றப்பட்டு, 1990களில் ஜெரூசலத்து இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தப்பட்டன. இதில் எனக்கு இரண்டு மனம். ஆளில்லாத ஊரில் கறையான் தின்னாமல் தப்பியது ஒரு பக்கம். மலையாள மழையில் நின்ற பலகை குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனதும் அதன் பாதிக் கதை போய்விட்டது, அது மறுபக்கம். ஆனால் களவு என்று இதைச் சொல்ல முடியாது. அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி போன இடத்துக்கே அதன் பொருளும் போனது.

இனிச் சொல்லப் போவதை ஆசிரியர்கள் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது எனது ஆசை.

1925இல் வில்னா நகரில் யிவோ என்றொரு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அதனிடம் பணம் இல்லை, ஆள் இல்லை. கிழக்கு ஐரோப்பாவின் ஊர் ஊராக இருந்த சாதாரண ஆட்களிடம், உங்கள் ஊர்ப் பழமொழி, பாட்டு, கல்லறைக் கல் வாசகம், சங்கத்துக் கணக்கு, நோட்டீஸ் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டது. அனுப்பினார்கள். ‘ஸாம்லர்’ என்று அவர்களுக்குப் பெயர். சேகரிப்போர் என்று பொருள். பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் குறைவு, ஆசிரியரும் மாணவரும் கடைக்காரரும்தான் அதிகம். அந்த மனிதர்களில் மிகப் பலரைப் பிறகு ஹிட்லரின் ஆட்கள் கொன்றார்கள். அவர்கள் அனுப்பிய தாள்களில் ஒரு பகுதி மிஞ்சியது.

வார்சோவில் இன்னும் கொடிது. யூதர்களைச் சுவருக்குள் அடைத்து வைத்த கெட்டோவில் எமானுவேல் ரிங்கல்ப்ளம் என்ற வரலாற்றாசிரியர் ஓர் இரகசியக் குழுவைச் சேர்த்து எல்லாவற்றையும் சேகரித்தார். எல்லாவற்றையும் என்றால் உண்மையில் எல்லாவற்றையும்: பங்கீட்டு அட்டை, டிராம் டிக்கெட், இனிப்புச் சுற்றிய தாள், பாடசாலைப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை. 1942 ஓகஸ்டில், சனத்தை ரயிலில் ஏற்றி மரண முகாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில், லிக்டன்ஷ்டைன் என்ற ஆசிரியர் இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பத்துத் தகரப் பெட்டிகளில் அவற்றை ஒரு பாடசாலைக் கட்டடத்தின் அடியில் புதைத்தார். அடுத்த தவணை பால் கேன்களில் புதைக்கப்பட்டது. பெட்டிகள் 1946இலும் கேன்கள் 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 35,000 பக்கங்கள். மூன்றாவது புதையல் இன்றுவரை கிடைக்கவில்லை. புதைத்த அந்த ஆசிரியரும் ரிங்கல்ப்ளமும் போர் முடியும்வரை உயிரோடு இருக்கவில்லை.

இனிப்புத் தாளை ஏன் புதைத்தார்கள்? ஒரு சமூகம் அழிக்கப்பட்டால் அதைப் பற்றி எழுதப் போகிறவன் அழித்தவனாகத்தான் இருப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாழ்ந்ததற்கான சான்றை, பெரிய மனிதர்களின் சரித்திரத்தை மட்டுமல்ல, சில்லறைச் சான்றை, தங்கள் கையால் விட்டுப் போக நினைத்தார்கள். இது சியோனிஸமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ரிங்கல்ப்ளம் ஓர் இடதுசாரி சியோனிசக் கட்சியைச் சேர்ந்தவர்தான். யூதர் வேறு சியோனிஸ்ட் வேறு என்று நாம் மேடையில் கோடு கீறுவது சரியே. ஆனால் ஆவணப் பெட்டிக்குள் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை.

சியோனிசத்துக்கென்றே ஒரு காப்பகம் உண்டு. மத்திய சியோனிச ஆவணக் காப்பகம் 1919இல் பெர்லினில் கெயோர்க் ஹெர்லிட்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டு, 1933இல் ஜெரூசலத்துக்கு மாற்றப்பட்டது. காங்கிரஸ் அறிக்கைகள், காணி வாங்கிய கணக்குகள், வரைபடங்கள், சுவரொட்டிகள், தலைவர்களின் தனிப்பட்ட கடிதங்கள். இஸ்ரேல் என்ற அரசு வந்தது 1948இல். அரசுக்கு 29 வருடம் முந்தியது அதன் ஆவணக் காப்பகம்! நமது இயக்கங்களும் சங்கங்களும் ஐம்பதாம் ஆண்டு மலர் போடும் நேரத்தில்தான் பழைய கூட்டறிக்கைக் கொப்பி யாரிடம் என்று தேடுகின்றன.

ஜெரூசலத்துத் தேசிய நூலகத்தில் ஆப்ரஹாம் ஷ்வாட்ரோன் என்பவர் கொடுத்த சேகரிப்பு ஒன்றும் இருக்கிறது. புகழ் பெற்ற யூதர்களின் கையெழுத்துகளையும் உருவப்படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். எனக்கு இந்த வகைச் சேகரிப்பில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. பெயர் பெற்றவன் ஒப்பமிட்டதால் தாளுக்கு மதிப்பு, மற்றத் தாளுக்கு இல்லை என்றாகிறது. நம்முடைய ஆய்விதழ்களில் ‘முதல் முஸ்லிம் பட்டதாரி’, ‘முதல் முஸ்லிம் நீதிபதி’ என்று வருகிற பட்டியல்களும் இதே வகைதான். இதே இதழில் நானும் அப்படியொன்று எழுதியிருக்கிறேன்.

இதே நூலகத்தில்தான் பெரிய வழக்கும் இருக்கிறது. நாஸிகள் ஐரோப்பா முழுக்கக் கொள்ளையடித்த யூத நூல்களில், உரியவர் கொல்லப்பட்டு வாரிசு இல்லாமல் போனவற்றைப் போருக்குப் பிறகு யூத அமைப்பு ஒன்று பொறுப்பெடுத்துப் பகிர்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்கள். ஹன்னா அரெண்ட் அந்த வேலையில் இருந்தவர். பெரும் பங்கு ஜெரூசலத்துக்கு வந்தது. ‘வாரிசற்றவை’ என்று அவற்றுக்குப் பெயர். நியாயமான பெயர். ஏறத்தாழ அதே காலத்தில், 1948இல், மேற்கு ஜெரூசலத்தில் பலஸ்தீனர் விட்டுப் போக நேர்ந்த வீடுகளுக்குள் நூலக ஊழியர்கள் போனார்கள், படையினரின் பின்னால். ஏறத்தாழ 30,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் சேர்க்கப்பட்டன. கத்தமோன் பகுதியில் இருந்த கல்விமான் கலீல் சகாகினியின் நூல்களும் அவற்றுள் அடக்கம். 1948 ஏப்ரல் முடிவில் அவர் குடும்பத்தோடு வெளியேறி, 1953இல் கெய்ரோவில் மறைந்தார். அவரும் ஓர் ஆசிரியர். இந்த நூல்களில் ஆயிரக்கணக்கானவை ‘ஏ.பி.’ என்ற குறியோடு இன்றும் அங்கே இருக்கின்றன. கைவிடப்பட்ட சொத்து என்பதன் சுருக்கம். இதை வெளிக்கொண்டு வந்தவர் கிஷ் அமித் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர். அவருக்குச் சான்று கிடைத்ததும் அவர்களுடைய ஆவணங்களில் இருந்துதான்.

தமிழ் படித்தவன் என்பதால் அந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். ‘கைவிடப்பட்ட’ என்பது செயப்பாட்டு வினையெச்சம் என்று மாணவன் எழுதினால் நான் பிழை போடுவேன், அது பெயரெச்சம். ஆனால் எச்சம் எதுவானாலும் எழுவாய் எங்கே? கைவிட்டது யார்? சகாகினியா கைவிட்டார்? செயப்பாட்டு வினை செய்தவனை ஒளித்துக்கொள்ள வசதியானது. கொலை ‘நடத்தப்பட்டது’, வீடு ‘எரிக்கப்பட்டது’. எங்கள் சோனகத் தெரு வீடுகளைப் பற்றியும் தொண்ணூறுக்குப் பிறகு இப்படித்தான் பேசினார்கள், ‘விட்டுட்டுப் போன வீடுகள்’ என்று. அதில் எழுவாய் இருக்கிறது, அது இன்னும் மோசம். பழி எங்கள் தலையில்.

நூலகர்களுக்குப் பரிந்து பேசவும் ஆள் இருக்கிறது. போகாவிட்டால் மழையில் நனைந்திருக்கும், கொள்ளையர் எரித்திருப்பர், காப்பாற்றினோம் என்பார்கள். அது முழுப் பொய் அல்ல. கொடிகாமத்தில் பக்கத்துக் கடைக்காரர் செய்ததும் அதுதானே, ஆளில்லாத கடைக்குள் போய் எடுத்தார். வித்தியாசம் எங்கே என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். நமது மார்க்கத்தில் இதற்குச் சொல் இருக்கிறது: அமானிதம். ஹிஜ்ரத்தின் இரவில், தன்னைக் கொல்ல வந்து நிற்கிற மக்கத்துக் குறைஷிகள் தன்னிடம் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுப் போன வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். எடுத்து வைப்பதில் குற்றமில்லை. உரியவன் பெயரை அழித்து வேறு குறி போடும்போதும், அவன் உயிரோடு இருந்தும் வாசலுக்கு வர விடாதபோதும்தான் அது வேறொன்றாகிறது. ஹதீஸ் கலையில் இஸ்னாத் இல்லாத மத்தனை ஏற்பதில்லை. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்ற வரிசை வேண்டும். ஆவணத்துக்கும் அது வேண்டும். ‘ஏ.பி.’ என்பது வரிசையை வெட்டிய இடம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதினால் நான் நேர்மையற்றவன். 1950-51இல் ஈராக்கில் இருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வெளியேறினார்கள். ஒரு பெட்டியும், வளர்ந்தவருக்கு ஐம்பது தீனாரும். மற்றச் சொத்துகளை 1951 மார்ச்சில் அரசு முடக்கியது. அந்த மண்ணில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த சமூகம் அது. 2003 மே மாதத்தில் சதாமின் உளவுத்துறைத் தலைமையகத்தின் வெள்ளம் புகுந்த நிலக்கீழ் அறையில் அவர்களுடைய 2,700 நூல்களும் பல்லாயிரம் ஆவணங்களும் மிதந்துகொண்டிருந்தன: தௌறாத் துண்டுகள், பாடசாலைப் பதிவேடுகள். அமெரிக்கர்கள் எடுத்துப் போய்ப் பழுது பார்த்தார்கள். திருப்பித் தருவதாக ஒப்பந்தம். யாருக்குத் திருப்புவது? ஈராக் அரசுக்கா, உலகமெங்கும் சிதறிய அந்தக் குடும்பங்களுக்கா? வழக்கு தீரவில்லை. ஒரு பெட்டியும் ஐம்பது தீனாரும் என்று வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபர் 30 காலையில் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலம் கொடுத்து, 150 ரூபாவோடு அனுப்பியதை வடபுல முஸ்லிம் எவரும் மறக்கமாட்டார். நமக்குச் செய்ததைப் புலிகள் செய்தார்கள், அவர்களுக்குச் செய்ததை நம்மவர்களும் செய்தார்கள். எண்ணிக்கையை ஒப்பிடுவது எனது நோக்கமில்லை.

காப்பகம் நேர்மையாகத் திறந்தால் சொந்தக்காரனுக்கு எதிராகவும் சாட்சி சொல்லும். 1980களில் இஸ்ரேலிய ஆவணங்கள் திறந்தபோது 1948இன் வெளியேற்றத்தைப் பற்றிப் பென்னி மொரிஸ் முதலான அவர்களுடைய வரலாற்றாசிரியர்களே அவற்றைக் கொண்டுதான் எழுதினார்கள். பிறகு சில கோப்புகள் மறுபடி மூடப்பட்டன. மூடியதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கஸ்ஸாவின் உமரி பெரிய பள்ளிவாசலின் பெரும்பகுதியை 2023 டிசம்பரில் குண்டு அழித்தது. அதன் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றைப் போருக்கு முன்பே அங்குள்ளவர்கள் எண்ணிமப்படுத்தியிருந்தார்கள். அந்தப் படங்களாவது மிச்சம்.

இப்போது நம் கதை. கொடிகாமத்தில் இருந்து மிருசுவில் பக்கம் போனால் உசன் என்ற ஊர். ஒரு காலத்தில் சோனகர் அங்கே குடியிருந்ததையும், பிறகு நல்லூர்ப் பக்கம் வந்ததையும், அங்கிருந்தும் அகற்றப்பட்டதையும் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது. உசன் சோனகரே எழுதிய ஒரு வரி நமது கையில் இல்லை. பிறத்தியாரின் நூலில், நாம் துரத்தப்படுகிற பந்தியில்தான் நாம் வருகிறோம்.

இல்லாமல் போனதற்கு நாம் மட்டும் காரணமில்லை. 1981 ஜூன் முதலாம் திகதி இரவோடு யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதில் நமது பங்கும் எரிந்தது. 1990இல் மிஞ்சியதும் போனது. ஆனால் நாம் சேர்த்த முறையிலும் குறை இருக்கிறது. பேராசிரியர் ம.மு. உவைஸ் செய்த வேலையை எந்தச் சபையிலும் எழுந்து நின்று மெச்சுவேன். முஸ்லிம்களுக்குத் தமிழில் இலக்கியமே இல்லை என்று நினைத்த காலத்தில் ஒவ்வொரு காப்பியமாகத் தேடி எடுத்தார். அஜ்மல்கானோடு சேர்ந்து வரலாற்றுத் தொகுதிகள் எழுதினார். அவர் தேட வேண்டியிருந்தது காப்பியம், ஏனென்றால் சபையில் மதிப்பு அதற்குத்தான் இருந்தது. அவருக்குப் பின் வந்த நாம் அதே அலுமாரியையே திரும்பத் திரும்பத் துடைக்கிறோம். எத்தனையாவது சீறாப்புராணக் கட்டுரை இது! நிக்காஹ் பதிவேடு, பள்ளிவாசல் வரவு செலவு, தையற்கடை அளவுக் கொப்பி, உம்மாமார் பாடிய தாலாட்டு, புத்தளம் முகாமில் கொடுத்த பங்கீட்டு அட்டை, அங்கே ஓலைக் கொட்டிலில் நடந்த பாடசாலையின் வரவுப் பதிவேடு, இவற்றை யார் சேர்த்தது? வெளியேற்றம் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழு 2011இல் அறிக்கை தந்தது. வாய்மொழிச் சாட்சியங்கள் அதில் உண்டு. நல்ல வேலை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இதழ்களையும் நூல்களையும் ஏற்றி வைத்திருக்கிறது. வீட்டுக் கடதாசி மட்டும் வீட்டிலேயே கிடக்கிறது. அதை ஆவணம் என்று வீட்டுக்காரரே நம்பவில்லை. எனது உம்மாவும் பங்கீட்டு அட்டையை “அந்தச் சனியன்” என்று அடுப்பில் போட்டவதான்.

கொப்பிக்கு வருகிறேன். 112 பக்கம். தமிழில் கணக்கு, இடைக்கிடை அரபுத் தமிழில் குறிப்பு. எனக்கு அது தடக்கித் தடக்கித்தான் வரும். புத்தளத்தில் வயதான ஆலிம் ஒருவர் வாசித்துத் தந்தார். மற்றவர் விளங்கக்கூடாத விடயங்களை வாப்பா அப்படி எழுதியிருக்கிறார்: இவருக்கு இனிக் கடன் கொடுக்க வேண்டாம், இந்த வீட்டில் சுகமில்லை, கேட்க வேண்டாம். கடன்காரர் அநேகமாக எல்லோரும் கொடிகாமம், மிருசுவில், வரணிப் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது எனது வகுப்பில் இருக்கிறார்கள். கெனிஸாக் கடன்காரனுக்கு எண்ணூறு வருடத்துக்குப் பிறகு வெட்கம் இல்லை. முப்பத்தைந்து வருடம் அப்படியல்ல. நண்பரிடம் ஸ்கேன் பண்ணக் கொடுத்தால் பெயரோடு யாரும் பார்க்கலாம்.

87ஆம் பக்கத்தில் பக்கத்துக் கடைக்காரரின் பெயரும் இருக்கிறது. 340 ரூபா. அந்தப் பக்கம் கிழியவில்லை, மடங்கக்கூட இல்லை.

அதை அவருடைய மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவவுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை போனபோது அவவே கேட்டா, “அவற்ற காசு எவ்வளவு தம்பி நிக்குது?”

கொப்பி எனது சொந்தமும் இல்லை. வாப்பாவின் வாரிசுகள் மூன்று பேர், இரண்டு சகோதரிகள் புத்தளத்தில். கடனும் வாரிசுச் சொத்து, கொப்பியும் அப்படித்தான். மூன்று பேரின் சம்மதம் இல்லாமல் எந்தக் காப்பகத்துக்கும் கொடுக்க எனக்கு உரிமையில்லை. நோன்புப் பெருநாளைக்குப் போனபோது இருவரிடமும் காட்டினேன். இளையவளுக்குக் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, பேசவில்லை. மூத்த தாத்தா முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “கடன் எல்லாத்தையும் மாப் பண்ணிட்டோம் எண்டு அந்த ஊட்டுக்குப் பெய்த்துச் சொல்லு. கொப்பியக் குடு, ஆனா பேரெல்லாம் மறைச்சிக் குடு. அந்த எண்பத்தேழாம் பக்கத்த மட்டும் மறைக்காத. அவகிட்டக் கேட்டுட்டு, அவ சரி எண்டா.”

இன்னும் கேட்கவில்லை. தவணை விடுமுறை முடிந்து வருகிற சனிக்கிழமை போகிறேன்.